நானூற்றுப் பதினேழாம் அட்டை

அண்ணையின் அல்பத்தில் ஒரு பக்கத்துக்கு ஒன்பது பேர் இருந்தார்கள். மெல்லிய பிளாஸ்டிக்கில் மூன்றுக்கு மூன்றாகப் பைகள் பிரித்த பக்கங்கள். ஒவ்வொரு பைக்குள்ளும் தொப்பி போட்ட ஓர் அமெரிக்கன். சிலர் மட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றார்கள். சிலர் ஒரு கையில் பெரிய தோலுறையை மாட்டிக்கொண்டு வானத்தை அண்ணாந்து பார்த்தார்கள். முக்கால்வாசிப் பேருக்கு மீசை. எழுபதுகளின் நடுவில் அமெரிக்காவில் சுவிங்கத்தோடு சேர்த்து விற்ற பேஸ்போல் அட்டைகள் அவை. ஒரு தொகுதிக்கு அறுநூற்று அறுபது. எழுபத்து மூன்று பக்கங்களும் எழுபத்து நான்காம் பக்கத்தின் மேல்வரிசையும் நிரம்பியிருந்தன, நாற்பத்தேழாம் பக்கத்தில் மேல்வரிசையின் கடைசிப் பையைத் தவிர. நான் அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அந்தப் பை வெறுமையாகத்தான் இருந்தது. அல்பத்தைப் புரட்டும்போது பின்பக்கத்தில் இருக்கிறவனின் முதுகெழுத்து அதற்குள்ளால் தெரியும்.

அண்ணை என்றால் என் கூடப்பிறந்த தமையன்தான். என்னைவிடப் பதின்மூன்று வயது மூத்தவர். நான் பத்து வயதுப் பிள்ளையாக இருந்தபோது யாழ்ப்பாணத்தைவிட்டு ஜெர்மனிக்குப் போனார். இருபது வருடம் கழித்து நான் கல்யாணம் முடித்து லண்டனுக்கு வந்தபோது அவர் ஜெர்மன் பாஸ்போட்டோடு வால்தம்ஸ்டோவில் இருந்தார். என் கல்யாணம் இரண்டு வருடத்தில் முறிந்தது. இரண்டு பெட்டிகளோடு அண்ணையின் பிளாட்டுக்குப் போய் நின்றபோது அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை, சின்ன அறையிலிருந்த சாமான்களைத் தூக்கி வீட்டு நடையில் வைத்தார். அவர் கல்யாணம் முடிக்கவே இல்லை. ஏனென்று கேட்டால், நேரம் கிடைக்கவில்லை என்பார். ஒரு மனிதருக்கு நாற்பத்தைந்து வயது வரைக்கும் நேரம் கிடைக்காமல் போகுமா என்று நான் பகிடி பண்ணுவேன். ஆனால் அந்த நேரமெல்லாம் எங்கே போனது என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்குக் காசு அனுப்பியது, என்னைக் கல்யாணம் கட்டிக்கொடுத்தது, எனக்கு முன்னால் இருந்த அக்காமாரைக் கரைசேர்த்தது என்று எல்லாம் அவர் கணக்கில்தான் போனது.

அட்டைகள் அவரிடம் வந்த கதை இதுதான். ஜெர்மனியில் அகதிகளை வைத்திருந்த விடுதி ஒரு சின்னப் பட்டினத்தின் ஓரத்தில் இருந்தது. வேலை செய்ய அனுமதியில்லை, அந்த மாவட்டத்தைவிட்டு வெளியே போகவும் அனுமதியில்லை. விடுதிக்குப் பின்னால் அமெரிக்க இராணுவக் குடியிருப்பு. ஊருக்குத் திரும்புகிற குடும்பங்கள் வேண்டாத சாமான்களைத் தெருவோரத்தில் வைத்துவிட்டுப் போகும். குளிருக்கு ஒரு சப்பாத்துத் தேடிப் போன அண்ணைக்குச் சப்பாத்துப் பெட்டி கிடைத்தது, சப்பாத்துக்குப் பதிலாக உள்ளே முந்நூற்றுச் சொச்சம் அட்டைகள். அவற்றில் சில அட்டைகளில் ஆளே இல்லை. ஒன்று தொடக்கம் இலக்கங்கள், ஒவ்வோர் இலக்கத்துக்கும் முன்னால் ஒரு சின்னக் கட்டம். இருக்கிறதைச் சரி போடுவதற்கான பட்டியல். யாரோ ஒரு பையன் பென்சிலால் பாதிக்குமேல் சரி போட்டிருந்தான். “பாவம், பெடியன் பாதியிலை விட்டிட்டுப் போட்டான்,” என்று அண்ணை எனக்குச் சொன்னார். விடுதியில் மற்றவர்கள் கடதாசிச் சீட்டு விளையாடினார்கள். அண்ணை மூலையில் இருந்து இலக்கப்படி அடுக்கினார். பிறகு மிச்சத்தைத் தேடத் தொடங்கினார்.

அந்த விளையாட்டைப் பற்றி அவருக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஒரு ஆட்டம்கூட முழுதாகப் பார்த்தவரில்லை. ஒரு நாள் ஒருவனைக் காட்டி, இவன் என்ன செய்யிறவன் என்று கேட்டேன். அட்டையில் எழுதியிருந்ததை வாசித்துவிட்டு, “மூண்டாம் மூலையிலை நிக்கிறவன்,” என்றார். “நிண்டு?” என்றேன். கொஞ்சம் யோசித்தார். “நிண்டு… நிப்பான்,” என்றார். அதற்கு மேல் அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தேவைப்படவில்லை. ஆனால் அட்டையைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை. நான்கு மூலையும் கூராக இருக்கவேண்டும், படம் நடுவில் இருக்கவேண்டும், சுவிங்கம் ஒட்டிய கறை பின்பக்கத்தில் இருக்கக்கூடாது. ஃபாரஸ்ட் கேட்டில் பெற்றோல் ஸ்டேஷனில் வேலை முடிந்து வந்தால் முழங்கை வரைக்கும் சவர்க்காரம் போட்டுக் கழுவி, துவாயால் துடைத்து, கை காயும்வரை ஊதிக்கொண்டிருந்துவிட்டுத்தான் அல்பத்தைத் தொடுவார். அட்டையின் கரையை மட்டும் இரண்டு விரலால் பிடிப்பார். முகத்தில் விரல் படாது.

ஒரு சட்டம் வைத்திருந்தார். காசு கொடுத்து அட்டை வாங்கக்கூடாது. தன்னிடம் இரண்டு இருப்பதைக் கொடுத்து இல்லாததை மாற்றவேண்டும். கம்பியூட்டரில் எல்லாம் கிடைக்கும், நான் பார்த்து எடுத்துத் தரவா என்று கேட்டபோது கையை ஆட்டி மறுத்தார். “காசெண்டால் ஒரு கிழமையிலை முடிஞ்சிடும். நான் அதுக்கே இவ்வளவு காலம் சேர்த்தனான்?” ஆகவே வருடத்துக்கு ஒருமுறை தேவாலய மண்டபங்களில் நடக்கும் அட்டைச் சந்தைகளுக்குப் போனார். அமெரிக்காவில் ஒகாயோ மாநிலத்தில் இருந்த ஒரு கிழவருக்குக் கடிதம் எழுதினார். பாடசாலை பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற மனிதர் அவர். இருவரும் ஒருநாளும் கண்டதில்லை. கடிதத்தில் இருப்பவை ஒரு பக்கம், வேண்டியவை ஒரு பக்கம் என்று இலக்கங்கள் மட்டும் இருக்கும். வேண்டியவை வருடா வருடம் சுருங்கிச் சுருங்கிக் கடைசியில் ஓர் இலக்கம் மிஞ்சியது. நானூற்றுப் பதினேழு.

பெரிய ஆட்டக்காரனாக இருந்தாலாவது விளங்கும். நானூற்றுப் பதினேழு ஒரு பேர் தெரியாதவன். அதுதான் சிக்கல் என்றார் அண்ணை. பேர்பெற்றவனின் அட்டையை ஊரெல்லாம் பத்திரமாக வைத்திருக்கும்; பேரில்லாதவனைச் சிறுவர்கள் சத்தம் வரட்டும் என்று சைக்கிள் கம்பியில் செருகிக் கிழித்திருப்பார்கள். கிடைத்தாலும் மூலை மழுங்கியிருக்கும். நல்லதாக ஒன்றுக்கு நான்கு வருடமாகக் காத்திருந்தார். அவர் தனக்கென்று ஆசைப்பட்டு நான் அறிந்தது அது ஒன்றுதான். அதை எனக்கு வாய்விட்டும் சொல்லியிருக்கிறார். “எல்லாரின்ரை அலுவலையும் முடிச்சாச்சு. எனக்கெண்டு தொடங்கினது இது ஒண்டு. இதையும் முடிச்சுப்போடோணும்.”

இரண்டாயிரத்து ஒன்பது வந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்த அம்மா, போர் நடந்த வன்னியில் இருந்தா. தை மாதத்தில் கடைசியாக ஒருமுறை கதைத்தா. “இஞ்சை ஒண்டுமில்லை. நீங்கள் ரெண்டுபேரும் நேரத்துக்குச் சாப்பிடுறியளோ?” என்றா. அதன்பிறகு அந்த இலக்கம் போகவில்லை. நாங்கள் தொடர்ந்து அடித்தோம். காலையில் அண்ணை வேலைக்குப் போகமுதல் அடிப்பார், மத்தியானம் நான் அடிப்பேன். மாசி போய்ப் பங்குனி வந்தது. லண்டனில் இருந்த சனமெல்லாம் பாராளுமன்றத்துக்கு முன்னால் போய் நின்றது. நாங்களும் லீவு கிடைத்த நாட்களில் போனோம். பலர் உறவினரின் படங்களைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். அண்ணை குடையை மட்டும் கொண்டுவந்தார். அம்மாவின் படத்தைக் கொண்டு வருவோமா என்று கேட்டபோது, “உயிரோடை இருக்கிற அம்மாவின்ரை படத்தை நான் என்னத்துக்குத் தூக்கவேணும்?” என்று கேட்டார். நான் மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

நான் வால்தம்ஸ்டோவில் ஒரு கடையில் வேலை செய்தேன். போட்டோக் கொப்பி, பாஸ்போட் படம், போன் கார்ட், லமினேற் செய்வது. முதலாளி திருச்சிக்காரர். சித்திரை மழை தொடங்கியதும் சனம் கடைக்கு வரத் தொடங்கியது. முதல்நாள் தூக்கிப் பிடித்த படம் நனைந்து மை ஓடி முகம் கரைந்துபோயிருக்கும். வேறு கொப்பி எடுத்து லமினேற் பண்ணித் தரச் சொல்வார்கள். “பாருங்கம்மா, இதுக்கெல்லாம் யார்கிட்டயும் காசு வாங்காதீங்க,” என்று முதலாளி சொல்லிவிட்டார். மெஷினில் சிவப்பு லைட் அணைந்து பச்சை வந்ததும் உறைக்குள் படத்தை வைத்து உள்ளே விடுவேன். மறுபக்கத்தால் சூடாக, பளபளவென்று வரும். சுற்றிவர ஒரு விரல் அகலத்துக்கு வெறும் பிளாஸ்டிக் கரை விடவேண்டும். அதை ஒட்ட வெட்டினால் தண்ணீர் உள்ளே போய்விடும். இது எனக்கு நன்றாகக் கைவந்தது. ஒரு நாளைக்கு எத்தனை முகம் உள்ளே போய் வெளியே வந்தது என்று சொல்லமாட்டேன். தெரியாது. அந்த நாட்களில் என்னால் பிறருக்குச் செய்ய முடிந்தது அது ஒன்றுதான், செய்யும்போது எனக்குள் ஒன்றும் நடக்கவில்லை. இவன் என்ரை மகன் என்று ஒரு தாய் சொல்வா. நான், ஏ-நான்கோ ஏ-மூன்றோ என்று கேட்பேன்.

வைகாசி முடிகிற நேரத்தில் அகதி முகாமிலிருந்து ஒரு சொந்தக்காரப் பெண் போன் எடுத்தாள். அம்மா சித்திரையிலேயே செத்துப்போனா என்றாள். என்ன திகதி என்று அண்ணை கேட்டார். தெரியாது என்றாள். என்ன கிழமை என்று கேட்டார். அதுவும் அவளுக்கு நினைவில்லை. இடம் மாறி மாறிப் போனதில் கிழமை எல்லோருக்கும் தவறிவிட்டிருந்தது. கோயில் ஐயர் திதி கேட்டபோது அண்ணை, தெரியாது என்று அதே சொல்லைச் சொன்னார். அப்படியென்றால் அமாவாசையை வைத்துக்கொள்ளுங்கள் என்றார் ஐயர். அப்படியே வைத்துக்கொண்டோம். மறுநாள் அண்ணை வேலைக்குப் போனார், நானும் போனேன். அழுகை வரவில்லை. வரவில்லையே என்று வெட்கமும் வரவில்லை. வீட்டில் தண்ணீர்க் குழாய் சொட்டுகிற சத்தம் கேட்கும், அதைப் பூட்ட எழும்பவேண்டும் என்று நினைப்பேன், எழும்பமாட்டேன்.

ஆனி மாதம் ஒரு சனிக்கிழமை காலை ஒகாயோவிலிருந்து கடித உறை வந்தது. அண்ணை வேலைக்குப் போயிருந்தார். சாதாரணமாக அவருடைய கடிதங்களை நான் பிரிப்பதில்லை, குளிர்சாதனப் பெட்டியின் மேல் வைத்துவிடுவேன். அன்று தபால்காரர் கதவுக்கு வெளியே போட்டுவிட்டுப் போயிருந்தார், உறையின் ஒரு பக்கம் மழையில் ஊறியிருந்தது. உள்ளே ஈரம் போய்விடுமே என்ற பதைப்பில் பிரித்தேன். இரண்டு கடினமான மட்டைகளுக்கு நடுவில் ஓர் அட்டை. கூடவே ஒரு துண்டு: உங்கள் நாட்டைப் பற்றிப் பேப்பரில் பார்த்தேன், உங்கள் ஆட்கள் சுகமா, இதற்குப் பதிலாக ஒன்றும் அனுப்பவேண்டாம் என்று கிழவர் எழுதியிருந்தார். அட்டையைத் திருப்பி மூலையில் இருந்த இலக்கத்தைப் பார்த்தேன். நானூற்றுப் பதினேழு. நாலு மூலையும் ஊசி மாதிரி. ஈரம் அதுவரைக்கும் வரவில்லை. பல கிழமைகளுக்குப் பிறகு எனக்குச் சந்தோஷம் என்று சொல்லத்தக்கதாக ஏதோ ஒன்று வந்தது. வந்த கையோடு பயமும் வந்தது. எங்கள் பிளாட்டின் சுவரெல்லாம் பூஞ்சணம். நான்கு வருடம் காத்திருந்து கிடைத்ததை ஈரத்துக்குப் பறிகொடுக்கவா? கைப்பைக்குள் வைத்துக் கடைக்குக் கொண்டுபோனேன். இருந்ததில் ஆகத் தடிப்பான உறையை எடுத்தேன். பச்சை லைட் வரும்வரை பொறுமையாக நின்றேன். ஒரு குமிழிகூட இல்லாமல் வந்தது. சுற்றிவர ஒரு விரல் கரை விட்டு, மூலைகளை வளைத்து வெட்டினேன். அந்த வருடம் நான் செய்த லமினேற்றிலேயே அதுதான் திறமானது.

பின்னேரம் அண்ணை வந்தார். மேசையில் அவருடைய தேத்தண்ணிக்குப் பக்கத்தில் அட்டையை வைத்திருந்தேன். கண்டதும் போய்க் கை கழுவினார், துடைத்தார், ஊதினார். பிறகு வந்து எடுத்தார். முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார், மறுபடி முன்பக்கம் பார்த்தார்.

“ஆர் செய்தது?”

“நான்தான் அண்ணை. கடையிலை வைச்சுச் செய்தனான். நல்ல தடிப்புப் பிளாஸ்டிக். இனி மழை பெய்தாலென்ன, வெள்ளம் வந்தாலென்ன, ஒண்டும் ஆகாது.”

தேத்தண்ணியில் ஆடை படர்ந்திருந்தது. “ஓம்,” என்றார். “வடிவாத்தான் செய்திருக்கிறாய்.”

அல்பத்தை எடுத்து நாற்பத்தேழாம் பக்கத்தைத் திறந்தார். அட்டை பைக்குள் போகவில்லை, கரை இடித்தது. கத்தரிக்கோல் கேட்டார். நான் பதறிப்போய், “கரையை வெட்டிப்போடாதேங்கோ, தண்ணி போயிடும்,” என்றேன். “இல்லை, அதை வெட்டேல்லை,” என்றவர் அல்பத்தின் பையை இரண்டு பக்கமும் கீறிப் பெரிதாக்கினார். ஒரு தூசிகூட விடாத மனிதர் அந்தப் பக்கத்தைக் கிழித்து அட்டையைச் செருகினார். மற்றவர்களைவிட ஒரு விரல் உயரத்தில் நானூற்றுப் பதினேழு நின்றான். பிறகு பட்டியல் அட்டையை எடுத்து, அந்த அமெரிக்கப் பையன் போட்டது போலவே பென்சிலால் ஒரு சின்னச் சரி போட்டார். “சரி, முடிஞ்சுது,” என்றார். “சோறு இருக்கோ? பசிக்குது.” அன்று இரண்டுதரம் சோறு போட்டுச் சாப்பிட்டார். அம்மாவின் செய்தி வந்த பிறகு அவர் வடிவாகச் சாப்பிட்டதை அன்றுதான் கண்டேன். அன்றைக்கு எனக்கு நல்ல நித்திரை வந்தது.

அதன்பிறகு வீட்டுக்கு யார் வந்தாலும் நான் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டுவேன். இது கடைசி அட்டை, இதை நான்தான் இப்படிப் பாதுகாத்துக் கொடுத்தேன் என்று பெருமை அடிப்பேன். அண்ணை பக்கத்தில் இருந்து, ஓம், அவள்தான் செய்தவள் என்பார். வேறு தொகுதி அவர் தொடங்கவில்லை. சந்தைகளுக்கு மட்டும் போய்வந்தார், கையில் மிஞ்சிய அட்டைகளை அங்கே வருகிற சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். போன மாரியில் மாரடைப்பில் போய்விட்டார். அவருக்காவது எனக்குத் திகதி தெரியும், திதி தெரியும், ஆஸ்பத்திரியில் எழுதித்தந்த நேரமும் தெரியும்.

அவருடைய சாமான்களை ஒதுக்கியபோது அல்பத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை. விளையாட்டே தெரியாத வீட்டில் அது கிடந்து என்ன செய்யும்? அருமை தெரிந்தவர் கையில் கொடுக்கலாம் என்று போன மாதம் தெற்கு லண்டனில் மிச்சம் என்ற இடத்தில் ஒரு தேவாலய மண்டபத்தில் நடந்த சந்தைக்குக் கொண்டுபோனேன். ட்ராமில் மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். மண்டபத்தில் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு வயதான வெள்ளைக்காரர் பழைய அட்டைகள் பரப்பிவைத்திருந்தார். அல்பத்தை மரியாதையாகத்தான் புரட்டினார். நல்ல மூலைகள், நல்ல மூலைகள் என்று ஆங்கிலத்தில் முணுமுணுத்துக்கொண்டே போனார். நாற்பத்தேழாம் பக்கத்தில் கை நின்றது.

யார் இதைச் செய்தது என்று கேட்டார். நான்தான் என்று சிரித்துக்கொண்டு சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. மெதுவாக, ஒரு வைத்தியர் சொல்வது போலச் சொன்னார். சூட்டில் ஒட்டினால் அந்தப் பசை அட்டையோடு சேர்ந்துவிடும், பிறகு பிரிக்கவே முடியாது, அட்டை செத்ததற்குச் சமம். சேர்க்கிறவர்கள் அதை ஒரு அட்டையாகவே எடுத்துக்கொள்ளமாட்டார்கள். இந்தத் தொகுதியில் இருப்பது அறுநூற்று ஐம்பத்தொன்பதுதான் என்றார். எத்தனை பேருக்கு இதைத் திறந்து காட்டினேன் என்று எண்ணினேன். அண்ணைமேல் எனக்குக் கோபம் வந்தது. அன்றைக்கே ஒரு வார்த்தை ஏசியிருந்தால் நான் அழுதுவிட்டு மறந்திருப்பேனே. பிறகு, ஒருவேளை அன்றைக்கு அவருக்கும் ஒன்றும் தோன்றவில்லையோ, அம்மா போனபிறகு இந்த அட்டை எப்படிப் போனாலென்ன என்றுதான் விட்டாரோ என்று நினைத்தேன். அப்படி நினைத்தது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

யாருடைய அல்பம் என்று அந்த வெள்ளைக்காரர் கேட்டார். என் தமையனுடையது, பெற்றோல் ஸ்டேஷனில் வேலை செய்தவர், காசுக்கு வாங்கமாட்டார், மாற்றுவதற்கு மட்டும் வருவார் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். தெரியும் என்றார். “வருடா வருடம் நானூற்றுப் பதினேழு இருக்கிறதா என்று கேட்கிற மனிதர். இரண்டாயிரத்து ஒன்பதில் இலையுதிர்காலச் சந்தைக்கு நான் அதைத் தேடிப்பிடித்துக் கொண்டுவந்தேன். மாற்ற ஒன்றும் வேண்டாம், சும்மா எடுத்துக்கொண்டு போங்கள் என்று அவர் கையில் கொடுத்தேன். கரையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். ஆட்கள் பின்னால் வரிசையில் நின்றார்கள், அவர் நகரவில்லை. பிறகு திருப்பித் தந்துவிட்டார்.”

“ஏன்?” என்று கேட்டேன்.

“இது தன்னிடம் இருக்கிறதாம். தங்கச்சி தந்ததாம்.”

அவர் மேசைக்கடியில் குனிந்து ஒரு பெட்டியைத் தேடினார். அண்ணை திருப்பிக் கொடுத்த அதே அட்டையை எடுத்து என் முன்னால் வைத்தார். நான்கு மூலையும் கூர். நான் தொடவில்லை. அழவேண்டும் போலிருந்தது, அத்தனை பேருக்கு நடுவில் நின்று அழ வெட்கமாக இருந்தது. அல்பத்தை மூடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வேண்டாம், இது எங்களிடம் இருக்கிறது என்று சொன்னேன்.